லூப்பும் பெண்களின் தயக்கமும்



கருத்தடை வளையத்தைப் பற்றிப் பெண்கள் என்ன எண்ணினார்கள், ஏன் அவ்வாறு எண்ணினார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள். உடலைப் பற்றிய செய்திதான். ஆயினும் கூச்சப்பட்டு ஒதுக்கத்தக்கதன்று.

கருப்பையினுள் சிறு பொருளொன்றை வைத்துக் கருத்தரிப்பைத் தடுக்கும் முறை புதியதன்று. 1920-களிலேயே ஜெர்மனியில் கிராஃபன்பர்க் என்னும் மருத்துவர் வளையம் ஒன்றை அமைத்தார். நோய்த்தொற்றுக்கு அஞ்சி மருத்துவ உலகம் அதனை ஒதுக்கிற்று. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து மருத்துவர் ஜாக் லிப்பிஸ், வளைந்து வளைந்து செல்லும் பிளாஸ்டிக் சாதனம் ஒன்றைச் செய்தார். மெல்லிய குழாயில் நீட்டி உள்ளே செலுத்தினால், அங்கே அது தன் பழைய வடிவத்தைப் பெற்றுவிடும். அறுவை இல்லை, மயக்க மருந்து இல்லை, வேண்டும்போது எடுத்தும் விடலாம். இதுவே 'லூப்'.

1952 முதல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக நடத்திவந்த இந்தியா, 1965-இல் லூப்பை நாடெங்கும் பரப்ப முற்பட்டது. பெண்கள் தொடக்கத்திலேயே மறுத்துவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1966–67 ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 9 லட்சம் பேர் ஏற்றுக்கொண்டனர். அதன் பின்னரே எண்ணிக்கை சரிந்தது.

காரணம் என்ன? லூப் வைத்துக்கொண்ட பலருக்கு மாதவிலக்கின்போது உதிரப்போக்கு மிகுந்தது, நாட்களும் நீண்டன. மருத்துவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றவில்லை. இரத்தசோகையால் வெளிறிப்போன கூலிப் பெண்ணுக்கோ அது சிறிதன்று. மேலும், விலக்கு நாட்களில் அடுப்படிக்குச் செல்லலாகாது என்னும் வழக்கமுள்ள வீட்டில், மூன்று நாள் ஏழு நாளானால் சமைப்பவர் யார்? மாமியாருக்கு அவள் என்ன விடை சொல்வாள்?

வதந்திகளும் எழுந்தன. லூப் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்றார்கள். புற்றுநோய் வரும் என்றார்கள். இவை பொய். ஆனால் மிக அரிதாக அது கருப்பைச் சுவரைத் துளைத்து வெளியேறுவதுண்டு. சிலருக்குத் தானாகவே நழுவி விழுவதும் உண்டு. இவற்றை முன்கூட்டியே சொல்லியிருந்தால் வதந்திக்கு அவ்வளவு வலிமை வந்திராது. சொல்வதற்கும், பின்னர் வந்து பார்ப்பதற்கும் போதிய பெண் மருத்துவர்கள் கிராமங்களில் இல்லை. இத்தனை பேருக்குப் பொருத்தவேண்டும் என்ற இலக்கு மட்டும் இருந்தது. அந்த இலக்கு முறை 1996-இல்தான் நீக்கப்பட்டது.

வகுப்பில் பாதிப்பேர் தவறினால் பிள்ளைகளை 'மக்கு' என்று சொல்லிவிட்டுப் போகும் ஆசிரியர்களை நான் அறிவேன். 'அறியாமை' என்ற ஒரு சொல்லால் பெண்களின் தயக்கத்தை விளக்க முயல்வோரைக் கேட்கும்போது அவர்கள்தாம் நினைவுக்கு வருகிறார்கள்.

படிப்பு மிக்க அமெரிக்காவிலும் இதே அச்சம் பிறந்தது. 1971-இல் விற்பனைக்கு வந்த 'டால்கன் ஷீல்டு' என்னும் சாதனத்தால் பலர் கடுமையான நோய்த்தொற்றுக்கு ஆளாயினர். 1974-இல் அதன் விற்பனை அங்கே நிறுத்தப்பட்டது. வழக்குகள் குவிந்து, 1985-இல் அந்நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அப்பழி குற்றமற்ற பிற வளையங்கள் மீதும் படிந்தது.

இன்று வழங்கும் காப்பர்-டி வேறு பொருள். செம்பு விந்தணுக்களின் இயக்கத்தைத் தடுக்கிறது. ஒருவகைக் காப்பர்-டி 10 ஆண்டுகள் பயன்படும். எனினும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். வளையம் வைத்துக்கொண்டவர்கள் 2 பேரே. மீளமுடியாத முறையை ஏற்றவர்கள், மீளத்தக்க முறையைக் கண்டு தயங்குகிறார்கள். இது எனக்கு வியப்பளிக்கவில்லை. அறுவை ஒருநாளோடு முடிகிறது. வளையத்தோடு ஒருத்தி பல ஆண்டு வாழவேண்டும். உதிரம் மிகுந்தால் எவரிடம் போவது, எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் மறுக்காமல் எடுப்பார்களா என்று அவள் கேட்கிறாள். செவிலியர் நின்று விடை சொல்லும் இடங்களில் அவள் அதனை ஏற்கவும் செய்கிறாள்.