கொல்லைத் தரையில் ஒரு தேனீ



வெயிலுகந்த விநாயகர் வீற்றிருக்கும் உப்பூர்தான் என் ஊர். ஓய்வு பெற்று வந்ததும் முதல் வேலையாக, கொல்லைத் தரை முழுக்க சிமெண்ட் பூசினேன். மறுவருஷம் அம்மா கேட்டாங்க: "கத்தரிப்பூவுல ரீங்காரம் போடுற ஈ எங்கடா?"

விலங்கியல் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன்.

அது நீலப் பட்டைத் தேனீ. 1758-லேயே லின்னேயஸ் பெயரிட்ட 'அமெகில்லா சோனேட்டா'. இதற்கு ராணியும் இல்லை, தேனடையும் இல்லை. ஒவ்வொரு பெண் ஈயும் தனியாக மண்ணைத் தோண்டி, அறை கட்டி, மகரந்தமும் மதுவும் சேர்த்து வைத்து முட்டையிடும். ஆண் ஈக்களோ ராத்திரியில் செடித்தண்டை வாயால் கவ்வியபடி தூங்கும்!

கத்தரிப்பூவின் மகரந்தப் பை, நுனியில் துளையிட்ட உப்புக் குப்பி மாதிரி; குலுக்கினால்தான் கொட்டும். இந்த ஈ பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிர வைக்கும், மகரந்தம் உதிரும். நம் அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை வராது. தக்காளிப்பூவுக்கும் இதே கதைதான்.

குஞ்சுகள் இருந்த மண்ணின்மேல்தான் நான் சிமெண்ட் பூசியிருக்கிறேன். வேலி ஓரம் நாலடி அகலத்துக்கு உடைத்துப் போட்டேன். இந்த வருஷம் அங்கே மூன்று துளைகள். அம்மாதான் முதலில் பார்த்தாங்க.

தோழர்களே, கல்லூரிக்கு நாம் கட்டித்தரப் போகும் மண்டபத்தைச் சுற்றித் தளம் போடும்போது, ஓர் ஓரமாவது வெறும் மண்ணாக விடுவோமே. செலவும் மிச்சம்!