போனும் நம்ம ஒற்றுமையும்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் நமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்றைக்கு நாங்கள் பேச வந்திருப்பது போனைப் பற்றி. "அதுதானே நம்ம புள்ளைங்களைக் கெடுக்குது" என்று சில தாய்மார் சொல்வது காதில் விழுகிறது. கெடுப்பதும் உண்டு, கொடுப்பதும் உண்டு. இரண்டையும் பார்ப்போம்.

நம்ம சனங்கள் மலைக்கு மலை, டிவிஷனுக்கு டிவிஷன் பிரிந்து கிடப்பவர்கள். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன் வெளியாள் லேசில் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. கோ. நடேசையர் புடவை வியாபாரி போல உள்ளே போய், நம்மவர்களின் கஷ்டத்தைக் கண்டு எழுதினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் பாடி, அச்சிட்டும் கொடுத்தார். எழுத்துத் தெரியாதவர்களும் கேட்டு ஒன்று சேர்ந்தார்கள். செய்தி போய்ச் சேர்ந்தால்தான் சனம் சேரும். இன்றைக்கு அந்த வேலையை பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் செய்கின்றன.

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி நினைவிருக்கிறதா? 1000 ரூபா சம்பளம் கேட்டு, மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் ஆயிரக்கணக்கில் கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். பேஸ்புக்கில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சேர்ந்த கூட்டம் அது. கொழும்பிலே கடைகளில் வேலை செய்கிற நம்ம புள்ளைங்க, கொழுந்தெடுக்கிற அம்மாவுக்காக வந்து நின்றார்கள். அது பெருமைதான்.

ஆனால் அதோடு காரியம் முடிந்துவிடவில்லை. 2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் 700 ரூபா அடிப்படைச் சம்பளத்தோடு கைச்சாத்தானது. 1000 ரூபா 2021 மார்ச்சில்தான், சம்பள நிர்ணய சபை வழியாக, வர்த்தமானியில் வந்தது. அதற்குப் பிறகும் "இத்தனை கிலோ எடுக்காட்டி அரைப் பேர்" என்று பல தோட்டங்களில் இழுபறி. போன் ஆளைக் கூட்டும். தராசடியில் நின்று கிலோவைக் கணக்குப் பார்க்க வேண்டியது நாம்தான்.

இனிக் கெடுதலைப் பாருங்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டில் கிடந்த மாக்கட்டியை மலட்டு மாத்திரை என்று போனில் பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்தில் திகன பக்கம் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப்பை சில நாட்கள் தடை செய்ய நேர்ந்தது. அரச பகுப்பாய்வாளர் அது வெறும் மா என்று சொல்லியும், எரிந்தது எரிந்ததுதான். 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனமே தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது.

இன்றைக்கு அவர்களுக்கு நடந்தது நாளைக்கு நமக்கும் நடக்கலாம். சிறுபான்மைச் சனத்துக்கு வதந்தி வெளியிலிருந்து வந்தால் ஆபத்து. உள்ளுக்குள்ளேயே கிளம்பினால் அதைவிட ஆபத்து. இந்தச் சங்கம், அந்தச் சங்கம், மேல் லயம், கீழ் லயம், கோயில், தேவாலயம் என்று போனிலே திட்டிக்கொண்டால், காலையில் பெரட்டுக்களத்தில் எந்த முகத்தோடு பக்கத்தில் நிற்பது? நாம் பிரிந்து நின்றால் யாருக்கு லாபம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நாம் எல்லோரும் மூன்று காரியம் செய்வோம்.

ஒன்று, யார் சொன்னது, எப்போது நடந்தது என்று தெரியாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு வேலை என்று வரும் செய்தியையும் விசாரிக்காமல் நம்ப வேண்டாம்.

இரண்டு, ஒரு பிள்ளையின் படத்தை எவனாவது தப்பாகப் போட்டால், அந்தப் பிள்ளையை ஏசாதீர்கள். அவளோடு நில்லுங்கள். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. துணிந்து பேசுங்கள்.

மூன்று, சம்பளச் சிட்டை, வர்த்தமானி, கூட்ட அறிவித்தல் ஆகியவற்றை போனில் அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிக்குப் புள்ளைங்க வாசித்துக் காட்டட்டும்.

அன்றைக்கு மீனாட்சியம்மாள் பாட்டு செய்த வேலையை இன்றைக்கு நம்ம போன் செய்யட்டும். செய்தி அதில் வரட்டும். ஒற்றுமை நம்ம லயத்து வாசலில் இருக்கட்டும்.