கூடி வாழும் கிருமிகள்

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் முதுமொழி. சங்கம் கண்ட நாம் அதனை நன்கறிவோம். ஆனால், அவ்வுண்மையை நமக்கு முன்பே கண்டுகொண்டவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்!

தாராவிச் சந்துகளில் குழாய்நீர் சில மணி நேரமே வருகிறது. ஆகவே பீப்பாயில் பிடித்து வைக்கிறோம். காலியான பீப்பாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் தட்டுப்படும். அதுவே கிருமிகள் அமைத்த காலனி. முதலில் சில வந்து ஒட்டுகின்றன. பின்னர்ப் பெருகி, சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த பசையைச் சுரந்து, அதனுள் குடியிருக்கின்றன. அவற்றுள் பல, ஒருவகை வேதிப்பொருளை வெளியிட்டு, அதன் செறிவால் தம் கூட்டத்தின் பெருக்கத்தை உணர்ந்து, ஒருமித்துச் செயற்படுகின்றன. ஒளிவீசும் கடற்கிருமிகளிடம் இவ்வியல்பு 1970இல் விளக்கப்பட்டது.

இக்கோட்டையின் வலிமையை ஹாலந்து நாட்டு லூவன்ஹூக் 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். பல்லழுக்கின்மேல் காடியைச் செலுத்தியபோது வெளிப்புறத்துக் கிருமிகளே மடிந்தன, உள்ளிருந்தவை பிழைத்தன.

அப்படியாயின் வழி யாது? முதலில் கோட்டையை உடைத்தல் வேண்டும். மருந்து அதன் பின்னரே. வெறுமனே குளோரினை ஊற்றினால், அதன் ஆற்றலைப் பசையே விழுங்கிவிடும். தேங்காய் நாரால் அழுந்தத் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலால் அலசி, நல்ல நீரால் கழுவி, வெயிலில் உலர்த்துதல் வேண்டும். பல் துலக்குவதன் உட்பொருளும் இதுவே.

வங்கதேசத்தில் நிகழ்ந்த ஒன்றையும் கேளுங்கள். காலராக் கிருமிகள் குளத்துநீரிலுள்ள நுண்ணிய உயிரினங்களின்மேல் கூட்டமாக ஒட்டி வாழ்கின்றன. பழஞ்சேலையைப் பல மடிப்பாக்கி நீரை வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென ரீட்டா கால்வெல் அம்மையார் குழுவினர் 2003இல் வெளியிட்டனர். கூடியிருந்ததே அவற்றைச் சிக்கவைத்தது! எனினும், தனித்து மிதக்கும் கிருமி சேலையில் நில்லாது. ஆகவே, குடிநீரைக் கொதிக்க வைத்தலை விட்டுவிடலாகாது.

அன்பர்களே! குழந்தையின் வயிற்றுப்போக்கு, ஒரு நாள் கூலியையும் ஒரு வாரப் படிப்பையும் பறிக்கிறது. அண்டை வீடுகளில் நீர் வாங்கிக் குடிக்கும் குழந்தைகளுக்கு ஒரு வீட்டுப் பீப்பாயின் தூய்மை மட்டும் போதுமா? வாரத்தில் ஒரு நாளைச் சந்து முழுவதற்கும் பீப்பாய் கழுவும் நாளாக்குவோம், கொசுவும் குறையும். கிருமிகள் கூடிக் கேடு செய்கின்றன. நாம் கூடி நலம் காப்போம்.