ஊதா விளக்கா, திறந்த ஜன்னலா?

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பார்க்க மலையகத்திலிருந்து வந்திருந்த பெற்றோருக்குமாகக் கொட்டாஞ்சேனையில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் எமது நலன்புரிப் பிரிவு நிகழ்த்திய உரை. தோட்டங்களில் உள்ள குடும்பங்களும் வாசித்துப் பயன்பெற இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு நாம் பேசப்போவது காற்றைப் பற்றி. வீட்டுக்குள்ளே, கடைக்குள்ளே, போர்டிங் அறைக்குள்ளே நிற்கும் காற்றைப் பற்றி. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். அரிசியைக் கல் பார்த்துக் களைந்து உலையில் போடுகிறோம். காற்றை மட்டும் பார்க்காமலே உள்ளே இழுக்கிறோம்.

நம் பிள்ளைகள் ஹட்டன், மஸ்கெலியா, பதுளை, பலாங்கொடை என்று பல பக்கங்களிலிருந்தும் கொழும்புக்கு வருகிறார்கள். வெள்ளவத்தையில் புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை. இங்கே கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் மொத்தக் கடை. பகலெல்லாம் கதவு சாத்திய ஏசி கடைக்குள் நிற்கிறார்கள். இரவில் ஒரே அறையில் ஐந்து பேர், ஆறு பேர். நுளம்புக்குப் பயந்தும் திருடனுக்குப் பயந்தும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கிறார்கள். ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார். இலங்கையில் காசநோயாளர் அதிகமாகப் பதிவாகும் மாவட்டம் கொழும்புதான் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டும்.

2020இல் கொரோனா வந்த பிறகு "காற்றைச் சுத்தமாக்கும் மெஷின்", "கிருமி கொல்லும் ஊதா விளக்கு" என்று பலவும் விற்பனைக்கு வந்தன. தவணைக் காசுக்கும் கிடைக்கின்றன. "வாங்கலாமா?" என்று பலர் எங்களிடம் கேட்கிறார்கள். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு. ஆகவே எந்தப் பொருள் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்வோம்.

முதலில் ஊதா விளக்கு. வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி இருக்கிறது. அதைப் புற ஊதாக் கதிர் என்கிறார்கள். வெயில் கிருமியைக் கொல்லும் என்பது நம் பாட்டிமாருக்கும் தெரியும். அதனால்தான் பாயையும் கம்பளியையும் வெயிலில் போடச் சொன்னார்கள். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ரொபர்ட் கொக் என்ற ஜெர்மன் வைத்தியர், அந்தக் கிருமி வெயிலில் சாகிறது என்று 1890இல் அறிவித்தார். தோலில் வரும் காசநோயை ஒளியால் குணமாக்கிய டென்மார்க் வைத்தியர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி கொல்வதற்கென்றே செய்த விளக்குகள் பின்னால் வந்தன. அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 1950களில் வெல்ஸ், ரைலி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை தொடங்கினார்கள். காசநோயாளர் படுத்திருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேலே ஒரு அறைக்குக் கொண்டுபோய், அங்கே கூண்டுகளில் கினிப்பன்றிகளை வைத்தார்கள். வேறு தொடர்பே இல்லை, காற்று மட்டும்தான். அந்தக் கினிப்பன்றிகளுக்கு நோய் தொற்றியது. அதே காற்றைப் புற ஊதா ஒளி பட வைத்து அனுப்பியபோது தொற்றவில்லை. காசநோய் காற்றில் பரவுகிறது, அந்த ஒளி அதைத் தடுக்கிறது என்ற இரண்டும் அங்கே உறுதியாயின. பெரு நாட்டின் லிமா நகர ஆஸ்பத்திரியில் இதே மாதிரி செய்த சோதனையின் முடிவு 2009இல் வெளிவந்தது. ஒளி படாத காற்றைச் சுவாசித்த கினிப்பன்றிகளில் நூற்றுக்கு 35க்குத் தொற்று. ஒளி பட்ட காற்றில் நூற்றுக்கு பத்துக்கும் குறைவு.

ஆகவே ஊதா விளக்கு பொய்யல்ல. ஆனால் அது எப்படி மாட்டப்படுகிறது என்று கவனியுங்கள். சுவரில் ஆளுக்கு மேலே, ஏழு அடிக்கு மேல் உயரத்தில் பொருத்துவார்கள். கதிர் கூரைப் பக்கமாக மட்டும் போகும்படி தகடுகள் வைத்திருப்பார்கள். கீழே உள்ள காற்று மேலே போய்த் திரும்ப ஒரு விசிறி வேண்டும். பயிற்சி பெற்றவர் கதிரை அளந்து பார்க்க வேண்டும். கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரி காத்திருப்பு அறைக்கு இது நல்ல ஏற்பாடு. கூரை தாழ்ந்த போர்டிங் அறையில் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டால் என்ன ஆகும்? ஒட்டு வேலை செய்பவருக்கு வருவது போலக் கண்ணில் மணல் விழுந்த எரிச்சல் வரும், தோல் சிவந்து வெந்துபோகும். சில விளக்குகள் வெறும் ஊதா நிற பல்புதான். கண்ணுக்கு ஊதாவாகத் தெரிவதால் மட்டும் கிருமி சாகாது.

இரண்டாவது, வடிகட்டி மெஷின். விசிறி காற்றை இழுக்கும், மடிப்பு மடிப்பான வடிகட்டி தூசியையும் கிருமியையும் பிடிக்கும். ஹெப்பா என்ற வகை நல்லது. மிக நுண்ணிய துகளிலும் நூற்றுக்கு 99க்கு மேல் பிடித்துவிடும். ஆனால் மெஷினின் அளவு அறைக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி, ஒன்பதடி உயரமான அறையில் ஏறக்குறைய 30 கன மீற்றர் காற்று இருக்கிறது. அந்தக் காற்று மணிக்கு ஐந்து தடவையாவது சுத்தமாக வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் சொன்னது. அப்படியென்றால் மெஷின் மணிக்கு 150 கன மீற்றர் சுத்தக் காற்று தர வேண்டும். மேசையில் வைக்கும் சின்னப் பெட்டி பலவற்றால் அது முடியாது. வடிகட்டியையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். அதற்கும் காசு, கரண்டுக்கும் காசு.

மூன்றாவது, ஓசோன் மெஷின். இதை நாங்கள் வேண்டாம் என்றே சொல்கிறோம். வானத்தில் உயரே இருக்கும் ஓசோன் நம்மைக் காக்கிறது. அறைக்குள் மூச்சோடு போனால் அதே ஓசோன் நெஞ்சை அரிக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது பெரிய கெடுதல். "புது வாசம் வருகிறது, பாருங்கள்" என்று காட்டுவார்கள். அந்த வாசம்தான் ஆபத்து.

ஏசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளிலும் அறைகளிலும் மாட்டியிருக்கும் சாதாரண ஏசி பெரும்பாலும் வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே குளிர வைத்துத் திருப்பி விடுகிறது. குளிர்ச்சி வேறு, சுத்தம் வேறு.

அப்படியானால் ஏழைக்கு என்ன வழி? லிமா நகரத்துக்கே திரும்பப் போவோம். அங்கே ஆஸ்பத்திரி அறைகளை அளந்து 2007இல் ஒரு முடிவு சொன்னார்கள். ஜன்னல்களையும் கதவுகளையும் முழுக்கத் திறந்தால் மணிக்குச் சராசரி 28 தடவை காற்று மாறுகிறது. மெஷின் வைத்துக் காற்றோட்டம் செய்த அறைகளில் 12 தடவைதான். 1950க்கு முன் கட்டிய, கூரை உயர்ந்த, பெரிய ஜன்னல் உள்ள பழைய கட்டடங்கள்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தன. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலும் கதவுக்கு மேலே மரச்சட்டம் போட்ட காற்றுவழியைப் பார்க்கலாம். பலர் அதைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள். அதைத் திறந்து கொசுவலை அடியுங்கள். நுளம்பும் வராது, டெங்குப் பயமும் குறையும், காற்றும் வரும்.

ஸ்டோரில் கொழுந்து வாட்டுவது உங்களுக்குத் தெரியாததா? மாடியில் கொழுந்தைப் பரப்பி, விசிறி போட்டு, அடியிலிருந்து காற்றை ஓட விடுகிறார்கள். காற்று நின்றால் கொழுந்து வெந்து கெட்டுப்போகும் என்று மெஷின்காரர் ஓடி வருவார். கொழுந்துக்குக் கொடுக்கும் காற்றை நம் பிள்ளையின் நெஞ்சுக்கும் கொடுக்க வேண்டாமா? ஒரு பக்கம் காற்று வர வழி, எதிர்ப்பக்கம் போக வழி. எதிர்ப்பக்கம் ஜன்னல் இல்லையென்றால் காற்றை வெளியே தள்ளும் ஒரு விசிறி போதும்.

வெளிக்காற்று எப்போதும் நல்லதா என்று கேட்பீர்கள். இல்லைதான். வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் பஸ் புகை, கடல் பக்கம் நல்ல காற்று. இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்தால் கடல் பக்கத்தைத் திறவுங்கள். 2022 டிசம்பரில் தூசிக்காற்று வந்து, நாடு முழுவதும் ஒருநாள் பாடசாலைகளை மூடினார்கள். அப்படிப்பட்ட நாளில் ஜன்னலைச் சாத்தி வைப்பது சரி. மற்ற நாட்களில் திறப்பதே சரி.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். காசநோய்க் கிருமி இருமும் நெஞ்சிலிருந்து வருகிறது. அங்கேயே அதைக் கொன்றால் காற்று தானாகச் சுத்தமாகும். இதற்குச் சாட்சி சென்னையில் இருக்கிறது. 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கி, ஏழை நோயாளரில் ஒரு பகுதியினரை ஆஸ்பத்திரியில் வைத்தும், மற்றவர்களை நெருக்கமான தங்கள் வீடுகளிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. நல்ல காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும் ஆஸ்பத்திரியில்தான் அதிகம். ஆனாலும் நோயைத் தீர்த்தது மருந்துதான். உலகமெங்கும் காசநோயாளர் வீட்டிலிருந்தே மருந்து எடுக்கும் முறைக்கு அந்தச் சோதனை வழி திறந்தது.

ஆகவே பிள்ளைகளே, இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் மறைக்காதீர்கள். "அறையை விட்டு அனுப்பிவிடுவார்கள், வேலை போய்விடும்" என்று இருமல் பாணி குடித்துக்கொண்டு காலம் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் மறைக்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் நண்பனுக்கும், தீபாவளிக்கு ஊருக்குப் போனால் மடியில் ஏறும் தங்கச்சி பிள்ளைக்கும் ஆபத்து. அரசாங்க மார்புநோய் கிளினிக்கில் சளிப் பரிசோதனை இலவசம், ஆறு மாத மருந்தும் இலவசம். மருந்து தொடங்கிச் சில வாரங்களில் மற்றவருக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் சுகமாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. அறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல்: கோப்பையாலும் துணியாலும் கை கொடுப்பதாலும் காசநோய் தொற்றாது. இருமுகிறவனைத் துரத்தாதீர்கள், கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டாங்க: "எங்க லயத்துல விறகுப் புகை. இந்த மெஷின வாங்கி வச்சா போகாதா?" போகாது அம்மா. அடுப்புப் புகையில் வடிகட்டி சீக்கிரமே அடைத்துவிடும். புகையோடு வரும் விஷ வாயுவை அது பிடிக்கவும் பிடிக்காது. உலகில் 2020இல் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தக் காசில் குசினிக்கு ஒரு புகைக்கூடு வையுங்கள். இருக்கிற புகைக்கூட்டில் கரி அடைத்திருந்தால் தட்டி எடுங்கள். காய்ந்த விறகையே எரியுங்கள். கைக்குழந்தையை அடுப்படியில் படுக்க வைக்காதீர்கள். குளிருக்காகக் கரி நெருப்பை மூடிய காம்பராவுக்குள் வைத்துக்கொண்டு ஒருநாளும் தூங்காதீர்கள். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

இன்னொரு தம்பி கேட்டார்: "ஏற்கெனவே வாங்கிட்டோம், என்ன செய்ய?" ஹெப்பா மெஷின் என்றால் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாவியுங்கள், வடிகட்டியைக் கவனியுங்கள், ஜன்னலையும் திறந்து வையுங்கள். ஓசோன் மெஷின் என்றால் ஆள் இருக்கும் அறையில் போடாதீர்கள். திறந்த ஊதா விளக்கு என்றால் கழற்றி வையுங்கள்.

இன்று இரவு அறைக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு ஜன்னலைத் திறவுங்கள். பக்கத்தில் யாராவது நாள்கணக்காக இருமினால் "எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள். அந்த இரண்டுக்கும் தவணைக் காசு கட்டத் தேவையில்லை.