ஊற்றைக் காக்கும் வேலைக்கும் முழுப் பேர் வேண்டும்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சங்க அமைப்பாளரான ஆசிரியர் ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் இடத்தில் காட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இதுவும் சம்பளப் பேச்சுத்தான்.

லயத்துப் பீலியில் விழும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலை உச்சியில் மிஞ்சியிருக்கும் காட்டிலிருந்து. அங்கே மழை இலையில் விழுந்து, சருகில் தங்கி, மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. அதனால்தான் மாசி, பங்குனி வெயிலிலும் ஊற்று கசிகிறது. காடு போனால் அதே மழை மண்ணை வாரிக்கொண்டு ஆற்றுக்கு ஓடிவிடும். பிறகு குடத்தோடு மலை ஏறுவது யார்? நாள் முழுதும் கொழுந்தெடுத்துவிட்டு வரும் நம் பெண்கள்தான்.

மேல்மண் கழுவிப்போன மலையில் எவ்வளவு உரம் போட்டாலும் செடி தேறாது. கொழுந்து குறைந்தால் கிலோ வராது. கிலோ வராவிட்டால் அரைப் பேர். முதலீடு என்றால் பெக்டரி மிசினும் லொறியும் மட்டும்தானா? ஊற்றும் மண்ணும் காடும் பணம் போட்டுக் காக்க வேண்டிய சொத்துகள். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. ஆனாலும் நிலம் அரசின் நிலம். கம்பனி குத்தகைக்காரர்தான்.

கொஸ்லந்தை மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. பாதுகாப்பான வீடு வரவில்லை. மரம் மட்டும் எல்லாச் சரிவையும் தடுக்காது. ஆபத்தான இடத்தில் உள்ளவர்களுக்குக் காணியும் வீடும் வேண்டும். ஆனால் கான் அடைபட்டு, தண்ணீர் தேங்கி ஊறும் சரிவு இன்னும் சீக்கிரம் நகரும்.

“அப்படியானால் விறகுக்கு எங்கே போவது?” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. ஊற்றுக்கு மேலுள்ள காட்டைத் தோட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும். அங்கே மரம் வெட்டவோ மருந்தடிக்கவோ கூடாது.

2. கான் துப்புரவு, வெற்று மலையில் மானாப்புல் நடுதல், நாட்டு மரக்கன்று நடுதல் எல்லாவற்றுக்கும் முழுப் பேர் போட வேண்டும். சிரமதானம் என்று ஞாயிற்றுக்கிழமை நம்மிடம் இலவசமாக வாங்கக்கூடாது.

3. விறகு மரத்துக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். தண்ணீரை உறிஞ்சும் யூக்கலிப்டஸ் ஊற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

4. மரக்கன்றுத் தவறணை வேலையை நம் தோட்டத்து இளைஞர்களுக்கே கொடுக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு பேர் ஊற்றுகளை எண்ணி எழுதுங்கள். எது எந்த மாதம் வற்றுகிறது, முன்பு எப்படி இருந்தது என்று பாட்டிமாரிடம் கேளுங்கள். துரையிடம் பேசப் போகும்போது அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.