ஆடத் தடை போட்டார்கள், ஆட்டம் அழியவில்லை



ஹூலா என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? சினிமாவில் பார்த்த புல்லுப் பாவாடையும், இடுப்பை ஆட்டும் பெண்ணும்தான். அது ஹவாய்த் தீவுகளுக்கு உல்லாசப் பயணிகளை இழுக்க ஓட்டல்காரர்களும் கப்பல் கம்பெனிகளும் விற்ற சரக்கு. ஹவாய் மக்களின் ஹூலா வேறு. அதைப் பற்றிச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறோம்.

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே உள்ள அந்தத் தீவுகளில் பழங்காலத்தில் எழுத்து கிடையாது. அரசர்களின் வம்ச வரலாறு, எரிமலைத் தெய்வமான பெலேயின் கதை, அந்தந்த ஊர்க் காற்றுக்கும் மழைக்கும் உள்ள பெயர்கள் எல்லாம் பாட்டிலேயே இருந்தன. பாட்டின் பொருளைக் கையும் காலும் காட்டின. ஆட்டம்தான் அவர்களுக்கு ஏடு.

அந்த ஏட்டை மூடப் பார்த்தார்கள், தோழர்களே! 1820ல் அமெரிக்கப் பாதிரிமார் வந்திறங்கினார்கள். ஹூலா பாவம் என்றார்கள். அவர்கள் மதத்தைத் தழுவிய ராணி காஹுமானு, பகிரங்கமாக ஆடக் கூடாதென்று 1830ல் கட்டளையிட்டாள். 1859ல் பொதுக் காட்சிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வந்தது. பாதிரிமாரின் பிள்ளைகளில் சிலர் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆனார்கள். நிலமும் தண்ணீரும் அவர்கள் கைக்குப் போயின. சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்தார்கள்.

மன்னர் கலாகௌவா 1883ல் தம் முடிசூட்டு விழாவிலேயே ஹூலாவைத் துணிந்து ஆடச் செய்தார். பத்தே ஆண்டு! 1893ல் அமெரிக்கக் கப்பற்படைச் சிப்பாய்கள் கரையிறங்கிய தைரியத்தில், முதலாளிகளின் கூட்டம் அவர் தங்கை ராணி லிலியுகலானியைக் கவிழ்த்தது. 1896ல் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷில்தான் பாடம் என்று சட்டம் செய்தார்கள். தாய்மொழி பேசிய குழந்தைகள் தண்டனை பெற்றார்கள். 1898ல் அமெரிக்கா தீவுகளை விழுங்கியது.

அப்படியும் ஹூலா சாகவில்லை. ஏன்? கிழவிகளும் கிழவர்களும் வீட்டுக்குள்ளேயே பேரப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

இன்று ஊருக்கு ஊர் ஹூலாப் பள்ளி உண்டு. அதற்கு 'ஹாலவ்' என்று பெயர். ஆசிரியர் 'குமு'. பகலில் வேலை பார்த்தவர்கள் மாலையில் அங்கே வருகிறார்கள். பல பள்ளிகளில் மாணவர் நேரே உள்ளே நுழைவதில்லை. வாசலில் நின்று பாடி அனுமதி கேட்கிறார். உள்ளேயிருந்து பதில் பாட்டு வந்த பிறகே காலடி வைக்கிறார். முழங்காலை மடித்து நின்று அடவு பழகவேண்டும். தொடை கடுக்கும். குமு சுரைக்குடுக்கையைத் தரையில் தட்டித் தாளம் போடுகிறார். தென்னை மரத்தைக் குடைந்து சுறாத்தோல் கட்டிய 'பஹு' என்ற முரசும் உண்டு. மாலைக்குத் தழை பறிக்கக் காட்டுக்குப் போனால், காட்டிடமும் அனுமதி கேட்டுத் தேவைக்கு மட்டும் பறிக்கிறார்கள்.

பாட்டின் பொருள் தெரியாமல் கையசைத்தால் குமு ஒப்புவதில்லை. ஆகவே ஆட வந்தவர்கள் மொழியையும் கற்கிறார்கள். அன்று கூலிகளாய் வந்த ஜப்பானியர், பிலிப்பினோக்களின் பேரப் பிள்ளைகளும் ஹவாய்ப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று ஆடுகிறார்கள்.

பலன் கண்டார்கள். 1971ல் ஹீலோ நகரில் ஹூலாப் போட்டி தொடங்கியது. 1978ல் ஹவாய் மொழி இங்கிலீஷுக்கு இணையாக ஆட்சி மொழி ஆயிற்று. 1984ல் அம்மொழியிலேயே கற்பிக்கும் மழலைப் பள்ளி திறந்தார்கள்.

தோழர்களே! பறிபோன நிலம் திரும்பிவிடவில்லை. ஓட்டல் ஹூலாவும் ஒழிந்துவிடவில்லை. ஆனால் அது யாருடைய நிலம், அந்த மலைக்கும் மழைக்கும் என்ன பெயர் என்பதை அந்த ஜனங்கள் மறக்கவில்லை. வேலை முடிந்து களைத்த கால்களோடு வந்து, அதைக் காத்து வருகிறார்கள். இனி சினிமாவில் ஹூலாவைப் பார்த்தால், 'அந்தப் பாட்டு என்ன சொல்கிறது?' என்று நாமும் கேட்போம்.