ஒரு ஓட்டில் போன ஆட்சி



1999 ஏப்ரல் 17. மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. அரசுக்கு ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஒரு ஓட்டில் பிரதமர் வாஜ்பாயின் கூட்டணி ஆட்சி கவிழ்ந்தது. அந்த வாரம்வரை அவரைத் தாங்கி நின்ற அ.தி.மு.க.வின் 18 உறுப்பினர்கள் அன்று எதிர்த்து வாக்களித்தார்கள்.

கூட்டணி என்றால் பிரதமருக்கு அதிகாரம் குறையும் என்கிறோம். எந்த அதிகாரம் குறைகிறது? பிரதமரின் ஆலோசனைப்படியே மற்ற அமைச்சர்களை நியமிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு. ஏட்டில் அப்படித்தான். நடப்பில், தோழமைக் கட்சிக்கு இன்ன இலாகா என்று பேசி முடித்தபின், அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதை அந்தக் கட்சித் தலைமைதான் சொல்லும்.

2012 மார்ச் 14 அன்று திரிணமூல் காங்கிரசைச் சேர்ந்த ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி ரயில்வே பட்ஜெட்டைப் படித்தார். பயணக் கட்டணம் கொஞ்சம் உயர்ந்தது. அவருடைய கட்சித் தலைவர் மம்தா பானர்ஜிக்கே அதில் சம்மதமில்லை. நான்கே நாளில் திரிவேதி விலகினார். அவர் இடத்துக்கு முகுல் ராய் வந்தார். சாதாரண வகுப்புகளின் கட்டண உயர்வு திரும்பப் பெறப்பட்டது. திரிவேதி போனதில் பிரதமர் மன்மோகன் சிங்குக்கு வருத்தம். வருத்தப்படத்தான் முடிந்தது. தன் அமைச்சரைத் தானே காப்பாற்ற முடியாத அந்த நிலை, பிரதமர் பதவிக்கு நேர்ந்த உண்மையான இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் பலம் குறைந்த பிரதமர் எல்லாவற்றுக்கும் தலையாட்டித்தான் ஆகவேண்டுமா? நம் மாநிலத்தின் கதை ஒன்று இருக்கிறது.

1991-இல் சந்திரசேகர் பிரதமர். அவர் பக்கம் சுமார் 60 எம்.பி.க்கள்தான், ஆட்சி நின்றது காங்கிரஸ் வெளியிலிருந்து கொடுத்த ஆதரவில். தமிழகத்தில் இருந்த தி.மு.க. ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்று காங்கிரசும் அதன் தோழமையான அ.தி.மு.க.வும் நெருக்கின. ஆளுநர் பர்னாலா அதற்கான அறிக்கை அனுப்பவில்லை. அறிக்கை இல்லாமலேயே ஜனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. அவ்வளவு விட்டுக்கொடுத்தும் சந்திரசேகருக்கு என்ன கிடைத்தது? ஐந்தே வாரம். ராஜீவ் காந்தி வீட்டை அரியானா போலீஸ்காரர்கள் இருவர் வேவு பார்த்தார்கள் என்ற விவகாரத்தில் காங்கிரஸ் முறுக்கிக்கொள்ள, மார்ச் 6 அன்று அவர் ராஜினாமா செய்தார்.

எட்டு ஆண்டு கழித்து வாஜ்பாய் முன்னும் அதே கோரிக்கை வந்தது: தி.மு.க. ஆட்சியைக் கலையுங்கள். அ.தி.மு.க. அடுக்கிய கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. வாஜ்பாய் இசையவில்லை. 1994-இல் பொம்மை வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மாநில ஆட்சிக் கலைப்புக்குக் கடிவாளம் போட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே வாஜ்பாய் அரசுதான் 1999 பிப்ரவரியில் பீகாரில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவந்து, மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாததால் மறு மாதமே திரும்பப் பெற்றது. எண்ணிக்கை இல்லாத பிரதமரின் கை அங்கே கட்டப்பட்டது. ஒரு மாநிலத்தின் ஆட்சி பிழைத்தது. இதை நான் இழப்பாகப் பார்க்கவில்லை.

தமிழகத்து ஆட்சியைத் தொடாமல், தன் ஆட்சியை ஒரு ஓட்டில் இழந்தார் வாஜ்பாய். அன்று தி.மு.க. அவருக்கு ஆதரவாகவே வாக்களித்தது. அதே ஆண்டு வந்த தேர்தலில் அவருடைய கூட்டணியில் சேர்ந்தது. அந்தக் கூட்டணி வென்று, வாஜ்பாய் 2004 மே வரை பிரதமராக இருந்தார்.